பச்சைக் கிளியின் கறுப்பு வால்

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை ஒன்றின் மாடியில் இருந்தது ராதாமணியின் விசாரணை அலுவலகம். அங்கே படியேறி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே நிச்சயமாகி முறிந்ததா என்று தெரிந்துகொள்ள வருகிறவர்கள். அதனால் 2008-ஆம் ஆண்டின் அந்தக் கோடைப் பகலில் ஒரு பெண் மூச்சு வாங்க வந்து நின்றதும், உதவியாளன் செல்வகணேஷ் பேனாவைத் திறந்துகொண்டு தயாரானான்.

"மாப்பிள்ளை பேரு, ஊரு சொல்லுங்க."

"மாப்பிள்ளையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். என்னையப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் போறாவ," என்றாள் அவள்.

செல்வகணேஷின் முகம் மலர்ந்துவிட்டது. போலீஸ் தேர்வில் மார்பளவு போதாமல் திரும்பி வந்தவன் அவன். உண்மையான குற்றம் ஒன்று படியேறி வராதா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தான். ராதாமணி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவளுக்கு ஐம்பது வயது. வீடு பற்றி எரிந்தாலும் தண்ணீர் வேண்டும் என்று சாதாரணக் குரலில்தான் சொல்வாள்.

"உக்காரு. பேரு என்ன?"

"மாரிசெல்வி. ஊரு புதூர் பக்கம். கோபாலசாமி மொதலாளியோட தீப்பெட்டிக் கம்பெனில கம்ப்யூட்டர் வேலை பாக்கேன்."

அவள் சொன்னது இதுதான். கம்பெனிக்கு ஓர் இணையதளம் உண்டு. வெளிநாட்டு வியாபாரிகள் பார்ப்பதற்காகத் தீப்பெட்டி லேபிள்களின் படங்களுக்கு அதில் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் பராமரிப்பவள் மாரிசெல்வி. ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய புதுச் சரக்குக்காகப் பச்சைப் பின்னணியில் கிளிப் படம் போட்ட லேபிள் ஒன்றை இரகசியமாகத் தயாரித்தார்கள். பதிவு செய்வதற்குள் வேறோர் ஊர்க் கம்பெனி அதே படத்தைத் தன் பெயரில் பதிவுக்குக் கொடுத்துவிட்டது. எப்படிக் கசிந்தது என்று தேடியபோது, லேபிள் பக்கத்தின் அடியில் அந்தப் படத்துக்கு ஓர் இணைப்பு இருந்தது. உலகமே பார்க்கும்படி அதை அங்கே போட்டது மாரிசெல்விதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"நீ போட்டியா?"

"சத்தியமா இல்ல மேடம். ஊர்ல அம்மன் கோயில் கொடைத் திருவிழான்னு லீவுல போயிருந்தேன். லிங்கராஜ் அண்ணாச்சிதான் மொதலாளிகிட்டப் பேசி லீவு வாங்கிக் குடுத்தாவ. இன்னைக்கு வந்து நிக்கேன், ஒரேயடியா ஏசுதாங்க. லீவுல இருந்தா என்ன, எந்த பிரவுசிங் சென்டர்ல இருந்தும் போடலாம்லாங்காங்க. அதுவும் நெசந்தான். சாயங்காலம் எஸ்.ஐ. வாராராம். ஒருவாட்டி ஸ்டேஷன் படிய மிதிச்சா எங்க ஊர்ல என் பேரு அவ்வளவுதான். எங்கய்யா ஆட்டுக் கெடைய விட்டுட்டுத் தலைமறைவாத்தான் போகணும்."

"பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"மொதலாளியோட தங்கச்சி மகன் ஹரிகிருஷ்ணன் சாருக்கு. அவியதான் மேனேஜர். அப்புறம் விற்பனை பாக்குத லிங்கராஜ் அண்ணாச்சிக்கு. ரெண்டு பேரும் எப்பவாவது போடுவாவ. பெறகு நான் வந்து பாத்துக்கிடுவேன்."

அவள் அழவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரல் வெளுத்துப் போயிருந்தது. ராதாமணிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து குடையை எடுத்தாள்.

கம்பெனி ஊருக்கு வெளியே, கரிசல் காடு வெடித்துக் கிடக்கும் சாலை ஓரத்தில் இருந்தது. உள்ளே நுழைவதில் சிரமமில்லை. கோபாலசாமியின் மகளுக்குப் பார்த்த ஒரு மாப்பிள்ளைக்கு ஏற்கனவே குடும்பம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் ராதாமணி. அவளைக் கண்டதும் முதலாளியே எழுந்து நின்றார். மாரிசெல்வியை மட்டும் உள்ளே விடவில்லை. வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சும்மா. ஆனா இதுல விசாரிக்க ஒண்ணும் மிச்சமில்ல," என்றார் கோபாலசாமி. "எங்க வீட்டுக்குள்ள இருந்தே கழுத்தறுத்துட்டாங்க. இந்தச் சரக்குப் போகலன்னா பாதி ஷெட்டை மூடணும். எத்தனை பேரு வேலைக்கு எங்க போவாங்கன்னு நெனச்சா சோறு எறங்கல."

ஹரிகிருஷ்ணன் பேசவே காத்திருந்ததுபோல் ஒரு தாளை மேசையில் வீசினான். முப்பது வயதிருக்கும். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"பாருங்க. அந்தப் பக்கத்தப் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். லிங்கராஜ் அண்ணாச்சி நேத்துக் கூப்பிட்டுக் காட்டுனாவ. உடனே பிரிண்ட் போட்டேன். போட்ட கையோட அந்த நீல எழுத்த அமுக்குனேன், பக்கம் காணலன்னு வந்துச்சு. நான் அமுக்குததுக்குள்ள அழிச்சிட்டா. எம்புட்டுத் துணிச்சல் பாருங்க."

ராதாமணி தாளை எடுத்துப் பார்த்தாள். வரிசையாக லேபிள் பெயர்கள், எல்லாம் நீல எழுத்தில், அடிக்கோட்டுடன். யானை (மஞ்சள்). குதிரை (நீலம்). குதிரை (சிவப்பு). அந்தக் கம்பெனியில் பின்னணி நிறத்தை அடைப்புக்குறிக்குள் சேர்க்காமல் ஒரு லேபிளின் பெயரைச் சொல்வதே இல்லை. ஒரே படம் வேறு நிறத்தில் வந்தால் வேறு சரக்கு. நிறத்தை விட்டால் வண்டி மாறி ஏறிவிடும். படங்களைக் கம்ப்யூட்டரில் சேமித்தபோதும் அதே அடைப்புக்குறியோடுதான் பெயர் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே கிளி (பச்சை) என்று இருந்தது. அந்த நீல எழுத்து முடிந்த பிறகு, அதை ஒட்டி, “.jpg)” என்று கறுப்பு எழுத்தில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வேறு எந்தப் பெயருக்கும் அப்படி ஒரு வால் இல்லை.

"அவசரத்துல டைப் அடிச்சதுல ஏதோ கூட விழுந்திருக்கு அக்கா," என்று காதருகில் சொன்னான் செல்வகணேஷ்.

"இருக்கட்டும்," என்றாள் ராதாமணி.

அப்போது லிங்கராஜ் உள்ளே வந்தார். அறுபதை நெருங்கும் வயது, நெற்றியில் திருநீறு, சலவை வேட்டி. கையில் ஒரு டம்ளர் மோர். அதை வராந்தாவில் மாரிசெல்விக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"மொதலாளி, திரும்பவும் சொல்லுதேன், போலீசு வேண்டாம்," என்றார் கனிவாக. "நானே கண்ணால பாத்தவன்தான். அந்த நீல எழுத்த அமுக்குனேன், கிளி மூக்குல கொவ்வைப் பழத்தோட படம் பளிச்சுன்னு பெருசா வந்துச்சு. எனக்கே நெஞ்சு பதறிட்டு. அதுக்காக அந்தப் பிள்ளைய ஸ்டேஷனுக்கு இழுக்கவா? தெரியாமச் செஞ்சிருக்கும். நான் சேத்து விட்ட பிள்ள. வேலைய விட்டு நிறுத்திட்டு விட்டுருவோம். பாவம், கேக்கப் பாக்க யாரு இருக்கா அதுக்கு?"

"உங்க இரக்கத்துக்கு ஒரு அளவு வேண்டாமா அண்ணாச்சி?" என்று சீறினான் ஹரிகிருஷ்ணன். "அவள விட்டா நாளைக்கு இன்னொருத்தி செய்வா. எஸ்.ஐ. கெளம்பிட்டாராம், போன் வந்துட்டு."

ராதாமணி தாளோடு வராந்தாவுக்குப் போனாள். செல்வகணேஷ் பின்னாலேயே ஓடினான். மோர் டம்ளர் தொடாமல் பெஞ்சில் இருந்தது.

"மாரிசெல்வி, இந்தத் தாள யாராவது உனக்குக் காட்டுனாங்களா?"

"இல்ல. கையில வச்சு ஆட்டுனாவ, குடுக்கல."

"இப்பப் பாரு. இந்த வால் எப்படி வந்துச்சு?"

வாங்கிப் பார்த்தவளின் கண் கிளிப் பெயரில் நின்றது. சுருட்டிய முந்தானையை விட்டாள்.

"இது நான் போட்டதில்ல மேடம். நான் போட்டா இப்படி வராது."

"எனக்குப் புரியுத மாதிரிச் சொல்லு. நான் கம்ப்யூட்டர்ல ஜாதகம் பாத்தவ, அம்புட்டுத்தான்."

"எங்க தளத்துல பக்கம் எழுத பெரிய படிப்பு வேண்டாம். சும்மா எழுதுனா போதும், சில குறிய வச்சு அதுவே புரிஞ்சுக்கிடும். ஒரு இணைப்புக் குடுக்கணும்னா, கண்ணுக்குத் தெரியுத பேர சதுர அடைப்புக்குள்ள போடணும். அத ஒட்டி, போக வேண்டிய முகவரிய வளைஞ்ச அடைப்புக்குள்ள போடணும். அவ்வளவுதான், நீல எழுத்தா மாறிடும்."

"சரி."

"ஆனா எங்க லேபிள் பேருலயே வளைஞ்ச அடைப்பு இருக்குல்லா. அந்த மென்பொருளுக்கு எது முகவரியோட அடைப்பு, எது பேரோட அடைப்புன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. முதல்ல எந்த மூடுத குறி வருதோ அதோட முகவரி முடிஞ்சுட்டுன்னு எடுத்துக்கிடும். கோயில்பட்டிக்கு டிக்கெட் எடுத்தவன, மொத ஸ்டாப்புலயே எறக்கி விட்ட மாதிரி. மிச்சம் இருக்குத எழுத்து வெளிய விழுந்து இப்படிக் கறுப்பாத் தொங்கும்."

"அப்ப அந்த நீல எழுத்த அமுக்கினா?"

"பாதி முகவரிக்குத்தான போகும். அங்கன ஒண்ணும் இருக்காது. பக்கம் காணலன்னு வரும்."

"நீ எப்படிப் போடுவே?"

"முகவரிக்குள்ள அடைப்புக்குறியப் போட மாட்டேன். அதுக்குப் பதிலா ஒரு எண் இருக்கு. மூடுத குறிக்குச் சதவீதக் குறி போட்டு ரெண்டு, ஒன்பது. தொறக்குததுக்கு ரெண்டு, எட்டு. அப்படிப் போட்டா மென்பொருள் ஏமாறாது, முகவரியும் மாறாது. மேல இருக்குத எல்லா லேபிளும் அப்படித்தான் போட்டிருக்கேன்."

செல்வகணேஷ் துள்ளினான். "அக்கா, முடிஞ்சுது கேசு. போட்டது இவ இல்ல. மிச்சம் யாரு? அந்த ஹரிகிருஷ்ணன்தான். தாளக் கையில வச்சுக்கிட்டு இந்தப் பிள்ளைக்குக் காட்டாம இருந்திருக்கான். போலீசு போலீசுன்னு பறக்கான்."

"ஏலே, கோவப்படுதவன் எல்லாம் திருடன்னா உங்க தெருவே ஜெயில்ல இருக்கணும்," என்றாள் ராதாமணி. பிறகு மாரிசெல்வியிடம் திரும்பினாள். "அவங்க ரெண்டு பேரும் எப்பவாவது போடுவாங்க, நான் வந்து பாத்துக்கிடுவேன்னு சொன்னியே. என்ன பாத்துக்கிடுவே?"

மாரிசெல்வி தயங்கினாள். வராந்தாவுக்கு அப்பால் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் பதில் சொன்னாள். ராதாமணி அதைக் கேட்டதும் தலையை மட்டும் ஆட்டினாள். செல்வகணேஷுக்கு அந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. தூரத்தில் சாலை வளைவில் ஒரு வண்டியின் புழுதி எழுந்தது. சரக்கு வண்டிதான், இருந்தாலும் மாரிசெல்வி பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள்.

ராதாமணி அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் பக்கத்தில் நிறுத்தினாள். கோபாலசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எஸ்.ஐ. வர்றதுக்குள்ள ஒரு சின்ன வேலை, மொதலாளி," என்றாள் ராதாமணி. "தம்பி ஹரிகிருஷ்ணா, அந்தப் பக்கத்துல குதிரை சிவப்பு இருக்குல்லா, அதையே அடியில இன்னொரு வாட்டி இணைப்பாச் சேத்துக் காட்டு."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"எனக்குத் தெரியாது, கத்துக்கிடலாம்னுதான்."

அவன் எரிச்சலோடு உட்கார்ந்து தட்டினான். அடைப்புக்குறி வரவேண்டிய இடத்தில் நின்று, மேசை விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு சின்னச் சீட்டைப் பார்த்துச் சதவீதக் குறியைப் போட்டான். "இத இந்தப் பிள்ளதான் சொல்லித் தந்துச்சு. ஒரு தடவ நான் போட்டது வேலை செய்யலன்னு ஏசுனேன், அப்பச் சொல்லிச்சு," என்றான். திரையில் குதிரை (சிவப்பு) நீலத்தில் வந்தது. அமுக்கினாள் ராதாமணி. குதிரை வந்தது.

"அண்ணாச்சி, நீங்களும் ஒண்ணு போடுங்க. யானை மஞ்சள்."

லிங்கராஜ் சிரித்தார். "இந்த வயசுல எனக்குப் பரீட்சையா?" என்றபடி உட்கார்ந்து, ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார். சதுர அடைப்பு, பெயர். வளைந்த அடைப்பு, முகவரி. யானை, அடைப்பைத் திறந்தார், மஞ்சள், அடைப்பை மூடினார், மிச்சத்தை எழுதி மறுபடி மூடினார். சேமித்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. இருட்டிய அறையில் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதில் நீல நிறத்தில் யானை (மஞ்சள்). அதை ஒட்டிக் கறுப்பில் “.jpg)”.

ஹரிகிருஷ்ணன்தான் முதலில் ராதாமணியின் கையிலிருந்த தாளைப் பார்த்தான், பிறகு திரையை.

"அமுக்குங்க அண்ணாச்சி," என்றாள் ராதாமணி.

அவர் அமுக்கினார். பக்கம் காணவில்லை என்று வந்தது.

"கிளிக்கும் இதேதான் வந்திருக்கும். அடைப்புக்குறியோட போட்ட இணைப்பு எங்கேயும் கூட்டிட்டுப் போகாது. போட்ட நாள்ல இருந்தே அது செத்த இணைப்பு. தம்பி அமுக்குனப்போ ஒண்ணும் வரல, வரலன்னு உள்ளதச் சொல்லிட்டாரு. நீங்க மட்டும்தான் படம் பளிச்சுன்னு வந்துச்சுன்னு சொன்னது. வர முடியாத படத்த எப்படிப் பாத்தீங்க?"

"நான் பாத்தப்போ வந்துச்சும்மா. பெறகுதான் அழிச்சிருக்கா."

"அப்படியா." ராதாமணி மாரிசெல்வியைப் பார்த்தாள். "முழு முகவரியையும் நீயே கையால அடி."

யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. மாரிசெல்வியின் விரல் இரண்டு முறை தவறியது. அழித்து மறுபடி அடித்தாள். திரையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை இறங்கி, கொவ்வைப் பழத்தோடு கிளி முழுசாக வந்து நின்றது.

"படம் இன்னும் இங்கனதான் இருக்கு. யாரும் அழிக்கல," என்றாள் ராதாமணி. "நீங்க தம்பியக் கூப்பிட்டுக் காட்டின உடனே எடுத்த தாள் இது. அப்பவே வால் இருக்கு. அதனால அப்பவும் அந்த வழி அடைஞ்சுதான் கெடந்தது. வேற கம்பெனிக்காரன் இந்த வழியா வந்து படத்த எடுத்திருக்க முடியாது. யாரோ கையில கொண்டுபோய்க் குடுத்துட்டு, பெறகு படம் இந்த வழியாத்தான் போச்சுன்னு காட்ட, அத இங்கன ஏத்தி ஒரு இணைப்பப் போட்டிருக்காங்க. ஊர் பாக்கணும்னு போட்டவன் போட்ட உடனே அமுக்கிப் பாத்திருப்பான். இது பழி போட மட்டும் போட்டது, அமுக்கிப் பாக்கணும்னு தோணல."

"ஆனா அண்ணாச்சி வருஷக்கணக்கா இதுல லேபிள் போட்டிருக்காரே," என்று குழம்பினார் கோபாலசாமி. "அதெல்லாம் வேலை செஞ்சுதே. இந்த வால் வரும்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரியாது மொதலாளி. தெரிய விடாமப் பாத்துக்கிட்டவ இதோ நிக்கா. நீயே சொல்லு மாரிசெல்வி."

மாரிசெல்வி லிங்கராஜைப் பார்க்காமல் பேசினாள். "அண்ணாச்சி போடுத ஒவ்வொண்ணும் இப்படித்தான் உடைஞ்சு கெடக்கும். அவிய டீ குடிக்கப் போனதும் நான் திருத்தி வச்சுருவேன். தப்புன்னு சொன்னா சங்கடப்படுவாவ. நமக்கு வேலை வாங்கிக் குடுத்தவிய கிட்ட எப்படிச் சொல்ல. அதனால சொன்னதே இல்ல."

திரை அணைந்தது. கத்தலும் நின்றது. லிங்கராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மறுத்துப் பேசுவார் என்று செல்வகணேஷ் காத்திருந்தான், அவர் மறுக்கவில்லை.

"எத்தன வருஷம் உங்க யானையையும் குதிரையையும் ஊர் ஊராக் கொண்டுபோய் வித்தேன் மொதலாளி," என்றார் கடைசியில். "ஒரு லேபிளாவது என்னோடதுன்னு இருக்கான்னு ஒருநாள் யோசிச்சேன். அவங்க கம்பெனில பங்கு தாரேன், இந்தக் கிளி உங்க பேருலயே இருக்கும்னாங்க. புத்தி கெட்டுப் போச்சு."

"அதுக்கு என்னைய ஏன் அண்ணாச்சி?" என்றாள் மாரிசெல்வி. அவளுக்கு இப்போதுதான் கண் நிறைந்தது. "உங்கள எங்கய்யாவுக்குச் சமமா நெனச்சேனே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வேற யாரப் போட்டாலும் எதுத்துப் பேசுவாங்க. நீ பேச மாட்டேன்னு நெனச்சேன்."

செல்வகணேஷுக்கு அதுவரை இருந்த உற்சாகம் வடிந்துவிட்டது. இவ்வளவு நாள் ஆசைப்பட்ட உண்மையான குற்றம் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்துக்கொண்டான். வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இந்த முறை போலீஸ்தான். கோபாலசாமி அவசரமாக எழுந்து மாரிசெல்வியிடம் வந்தார்.

"தாயி, உன் மேல பழியில்ல. நாளையில இருந்து நீ வேலைக்கு வா. உள்ளுக்குள்ள நடந்தத உள்ளுக்குள்ளயே முடிச்சுக்கிடுவோம். அண்ணாச்சி வயசானவரு. எஸ்.ஐ. கிட்ட, சும்மா ஏதோ தவறுதலாப் போச்சுன்னு சொல்லி அனுப்பிருதேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம், என்ன?"

ஹரிகிருஷ்ணன் சுவரைப் பார்த்தான். ராதாமணி குடையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். இது அவள் சொல்ல வேண்டிய பதில் அல்ல.

பூட்ஸ் சத்தம் வராந்தாவில் ஏறியது. "இங்க யாரும்மா மாரிசெல்வி?" என்று கேட்டபடி எஸ்.ஐ. வாசலில் நின்றார்.

"நான்தான் சார்," என்று முன்னால் வந்தாள் மாரிசெல்வி. "அந்த இணைப்ப நான் போடல. போட்டது யாருன்னும், படத்த யாரு கொண்டுபோய்க் குடுத்தாவன்னும் நானே சொல்லுதேன். எழுதிக்கிடுங்க."